யாருக்கு யார் ஊழ்

கேளம்பாக்கத்தில் ‘சர்வேயர்’ என்று சொன்னால் உடனே பட்டா, சிட்டா, எல்லைக்கல் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஓஎம்ஆர் ஓரத்து மண் பொன்னான பிறகு அது இயல்புதான். நான் அந்த சர்வேயர் இல்லை, மோட்டார் சர்வேயர். கார் இடித்தாலோ எரிந்தாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ, என்ன சேதம், எதனால் சேதம், இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்த்து அறிக்கை எழுதுகிறவன். அறிக்கையில் பல கட்டங்கள் உண்டு. என்ஜின் எண், சேஸி எண், ஓட்டுநர் உரிமம் எல்லாம் கண்ணால் பார்த்து நிரப்பிவிடலாம். ‘இழப்பின் காரணம்’ என்ற கட்டத்தை மட்டும் அப்படி நிரப்ப முடியாது. ஒரு விரற்கடை அகலம்கூட இருக்காது. அதற்குள் ஒரு வரியில், இது ஏன் நடந்தது என்று எழுதியாக வேண்டும்.

பாலிசிப் பத்திரத்தை யாரும் படிப்பதில்லை. நான் படிக்கிறேன், சாஸ்திரம் படிப்பதுபோல. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், கலவரம், திருட்டு, வெளியிலிருந்து வந்த விபத்து இவற்றுக்கெல்லாம் பணம் உண்டு. தேய்மானத்துக்கு இல்லை. இயந்திரம் தானாகப் பழுதானால் இல்லை. ஒரு சேதத்தின் தொடர்ச்சியாக வரும் அடுத்த சேதத்துக்கும் இல்லை. அதாவது, வெளியிலிருந்து வந்தது விதி, அதைப் பகிர்ந்துகொள்வோம். உள்ளேயிருந்து வந்தது உன் பாடு. இரும்புப் பாகங்களுக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, பிறகு 5 விழுக்காடு, 10, 15 என்று ஏறிப் பத்து வருடம் தாண்டினால் 50. ரப்பர், நைலான், பிளாஸ்டிக்குக்கு வயதே பார்ப்பதில்லை. ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றே 50. ரப்பர் பிறக்கும்போதே பாதி செத்தது என்பது பாலிசியின் சித்தாந்தம். நிலையாமையை இவ்வளவு சுருக்கமாக வேறு எங்கும் நான் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்போரூருக்கு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். சிதம்பர சுவாமிகள் சந்நிதிமுறை பாடிய ஊர். சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஐயா என்றுதான் எல்லாரும் அழைப்போம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதில் வினையைப் பற்றிய இடம் வந்தால் மட்டும் நான் ஓயாமல் கேள்வி கேட்பேன். மற்றவர்களுக்கு அது வேதாந்த விசாரம், எனக்கு அது தொழில்.

கேள்வி பழசு. திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். அதன்படி ஊழே பெரிது, யார் தடுத்தாலும் முந்திக்கொண்டு வந்து நிற்கும். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதில் முயற்சி ஊழையே விரட்டிவிடுகிறது. ஒரே ஆசிரியர், ஒரே நூல். உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக இரண்டையும் ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். நான் ஒரு சின்ன டர்போ பெட்ரோல் என்ஜினைப் பிரித்துவைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்ய நேர்ந்தது.

சிறுசேரி சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு தம்பி. விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை. கல்யாணமாகி, கடன் வாங்கி, செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார். மூன்று சிலிண்டர், ஆயிரம் சிசிக்கு ஒரு சிசி குறைவு. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். வண்டலூர் சாலையில் புதுப்பாக்கம் தாண்டி மாம்பாக்கம் போகும் வழியில் ஒரு வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசியிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் போனதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது, ஒரு கிரீச் சத்தம், என்ஜின் நின்றுவிட்டது. வெளியிலிருந்து அடி விழுந்து, ஆயில் சம்ப் உடைந்து, ஆயில் ஒழுகி என்ஜின் சீஸ் ஆனது என்று க்ளெய்ம் போட்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். சம்பில் கீறல் இருந்தது. ஓட்டை இல்லை, ஒரு சொட்டு ஒழுகவும் இல்லை. சம்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஆயில் தார்போல இருந்தது. பம்புக்கு ஆயில் போகும் வாயிலில் சல்லடை மாதிரி ஒரு ஸ்ட்ரெய்னர் உண்டு. அது பாதிக்குமேல் கருப்பு மொறுமொறுப்பால் அடைபட்டிருந்தது. டர்போவின் தண்டை விரலால் ஆட்டினால் அது ஆடியது, ஆடக்கூடாது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், இது நேத்து வந்த வியாதி இல்ல. இந்தத் தம்பி கைக்கு வர்றதுக்கு முந்தியே உள்ள உக்காந்துடுச்சு.”

அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார். வாங்கிய நாளிலிருந்து நேரத்துக்கு ஆயில் மாற்றிய பில்கள், சரியான தரத்து ஆயில், ஒன்றும் விடுபடவில்லை. அதற்கு முந்தைய சர்வீஸ் பதிவில் ஒரு பெரிய இடைவெளி. முதல் ஓனர் வண்டியை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

“நான் எல்லாம் ஒழுங்கா பண்ணியிருக்கேன் சார். நான் என்ன தப்பு பண்ணேன்?”

இந்தக் கேள்விக்கு என் அறிக்கையில் கட்டம் கிடையாது.

இந்த என்ஜினின் இயல்பைக் கொஞ்சம் சொன்னால்தான் அவர் கேள்வியின் கனம் தெரியும். பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போய்விடுகிறது. போகிற அந்தப் புகையை ஒரு சின்னக் காற்றாடியின் மேல் ஊதி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடியால் புதுக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் வாங்கிய காப்புரிமை இது. நமக்கு அன்னியமும் இல்லை. திருப்போரூர் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் பையனூரில் டர்போசார்ஜர் செய்யும் டர்போ எனர்ஜி ஆலை இருக்கிறது. இந்தத் தந்திரத்தால் ஒரகடத்தில் செய்யும் நிசான் மேக்னைட்டின் 999 சிசி டர்போ என்ஜின் 100 குதிரைத்திறன் தருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்துவந்த ஹூண்டாய் வென்யூவின் 998 சிசி டர்போ 120 தருகிறது. அம்பாசடரின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஐம்பதைத் தாண்டவே மூச்சுவாங்கியது.

இதற்கு ஒரு விலை உண்டு. காற்றாடி நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் அதன் மேல் படும் புகை 900 டிகிரிக்கும் மேல். இவ்வளவு வேகத்தில் சுற்றும் தண்டை உலோகத்தோடு உலோகம் உரசாமல் தாங்கி நிற்பது ஆயில் படலம் ஒன்றுதான், தலைமயிரைவிட மெல்லியது. அந்த ஆயில் கெட்டால் தாங்க வேறு ஏதும் இல்லை. நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து உடனே என்ஜினை அணைத்தால், டர்போவில் தங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வறுபட்டுக் கரியாகும். இப்போதைய வண்டிகளில் டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் ஆபத்து குறைந்திருக்கிறது, அறவே போய்விடவில்லை. ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது இன்றும் நல்ல பழக்கம். அதற்கு நேர்மாறான கெடுதலும் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அதுதான் அதிகம். வீட்டிலிருந்து சிறுசேரிக்கு நாலு கிலோமீட்டர், மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் முட்டி முட்டிப் போய் நிறுத்துவது. என்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். கையேட்டில் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும், இப்படி ஓடும் வண்டிக்கு ஐயாயிரம், ஆறாயிரத்திலோ ஆறு மாதத்திலோ ஆயில் மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதே கையேட்டின் பின்பக்கத்தில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பத்தி இருக்கும். கேளம்பாக்கம் வாசிகள் எல்லாருமே அந்தப் பத்தியில்தான் குடியிருக்கிறோம்.

எங்கள் ஊர்க் காற்றும் ஒரு காரணம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்புக்காற்று, டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் அலுமினியச் செதில்களில் வெள்ளையாகப் பூத்து, சில வருடத்தில் விரல் பட்டாலே உதிரவைக்கும். அதற்கு பாலிசியில் பணம் இல்லை, தேய்மானம் என்று பெயர். குவித்துவைத்த உப்பின்மேல் பருவம் தப்பி மழை விழுந்தால் அப்பா வானத்தைப் பார்த்து, “அவன் கணக்கு” என்பார். அவருக்கு சர்வேயர் யாரும் வந்ததில்லை.

சரி, அந்தத் தம்பியின் என்ஜின் ஏன் போனது? முதல் ஓனர் ஆயில் மாற்றாததால் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த என்ஜின் ஏன் ஆயிலை இவ்வளவு நம்பி இருக்கிறது? சின்ன என்ஜினை டர்போ போட்டுப் பிழிந்ததால். ஏன் சின்ன என்ஜின்? ஐரோப்பாவில் புகை விதி. நம் நாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2006 பட்ஜெட்டில், நீளம் நாலு மீட்டருக்குள்ளும் பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள்ளும் இருந்தால் அது சின்னக் கார், வரி குறைவு என்று ஒரு கோடு கிழித்தார்கள். ஜிஎஸ்டி வந்தும் அந்தக் கோடு அழியவில்லை. கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குள் அடங்கும்படி காரை நறுக்கி, என்ஜினைச் சுருக்கி, போன பலத்தை டர்போவால் மீட்டார்கள். ஆக, மாம்பாக்கம் சாலையில் நின்றுபோன ஒரு காரின் தலையெழுத்தில் ஒரு வரி நிதியமைச்சகத்தில் எழுதப்பட்டது. பிரம்மா தனியாக எழுதுவதில்லை, அவருக்கு நிறைய குமாஸ்தாக்கள்.

இதைவிடத் தெளிவான கதை மறைமலை நகரில் நடந்தது. எங்களுக்கு வண்டலூர் வழியாகக் கொஞ்ச தூரம்தான். ஃபோர்டு அங்கே 2013 முதல் ஈகோஸ்போர்ட் செய்தது. அதில் வந்த ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின் 999 சிசியில் 125 குதிரைத்திறன் கொடுத்தது. என்ஜின் கட்டையை ஒரு ஏ4 தாளின் மேல் வைத்துவிடலாம் என்று பெருமையாகச் சொன்னார்கள். 2012, 2013, 2014 மூன்று வருடமும் உலகத்தின் சிறந்த என்ஜின் விருது அதற்குத்தான். அதில் ஒரு புதுமை இருந்தது. டைமிங் பெல்ட்டும் ஆயில் பம்பைச் சுற்றும் பெல்ட்டும் ரப்பர், இரண்டும் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு ஓடும். உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கூடும். டைமிங் பெல்ட் பத்து வருடம் தாங்கும் என்று கணக்கு. சரியான ஆயில், சரியான நேரம் என்றால் தாங்கவும் செய்தது. தப்பான ஆயில் ஊற்றினால், அல்லது ஆயிலில் பெட்ரோல் கலந்தால், ரப்பர் ஊறி உரிந்து, அந்தத் துணுக்குகள் போய் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழும். டர்போ, பேரிங், பிறகு எல்லாம்.

மறைமலை நகரிலிருந்து அமெரிக்காவுக்கும் ஈகோஸ்போர்ட் போனது. 2023 டிசம்பரில் அங்கே 2018 முதல் 2022 வரையிலான மாடல்களையும், அதே என்ஜின் உள்ள சில ஃபோகஸ் கார்களையும் சேர்த்து ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆயில் பம்ப் பெல்ட்டின் பல் உதிரலாம், அதை இழுத்துப்பிடிக்கும் டென்ஷனர் முறியலாம், ஓடும்போதே என்ஜின் நிற்கலாம் என்பது காரணம். அந்த நேரத்தில் மறைமலை நகரில் ஒரு காரும் ஓடிவரவில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்து, 2022இல் கடைசி வண்டியும் வெளியே வந்துவிட்டது. அதற்குச் சொன்ன காரணம் வியாபார நஷ்டம்; பெல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெல்ட்டை ஆயிலில் ஊறவைக்க முடிவெடுத்தவர் ஒரு கண்டத்தில். காரைக் கோத்து அனுப்பியவர் சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைவீட்டில் இருந்த தொழிலாளி. நடுச்சாலையில் நின்றவர் வேறொரு கண்டத்தில். முதலாமவர் விருது வாங்கினார், இரண்டாமவர் வேலை இழந்தார், மூன்றாமவருக்குத் தபாலில் கடிதம் வந்தது. செய்தவன் வினை செய்தவனுக்கே என்ற கணக்கை இந்த மூன்று பேரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

இதை ஐயாவிடம் கேட்டேன். அவர் சித்தாந்தத்தின் மூன்று வினையையும் நிதானமாக வைத்தார். முன்பு சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று எடுத்துக் கொடுக்கப்பட்டு நுகர்வது பிராரத்தம், ஊழ். நுகரும்போது புதிதாக ஏற்றிக்கொள்வது ஆகாமியம். ஊழ் அதிகாரம் பிராரத்தத்தைச் சொல்கிறது, ஆள்வினையுடைமை ஆகாமியத்தைச் சொல்கிறது, முரண் எங்கே இருக்கிறது என்றார்.

“அந்தத் தம்பி ஆகாமியத்துல ஒரு குறையும் வைக்கலைங்க ஐயா. பிராரத்தம்னு வந்தது அவர் வினை இல்ல, முதல் ஓனர் வினை.”

“காருக்கு ஏது வினை? அது சடம். வினை உயிருக்குத்தான். ஆயிரம் கார் இருக்க அந்தக் காரைப் போய் வாங்கினாரே, அந்த வாங்கல்ல வந்து நிக்கிறது அவரோட பழவினை. வினை தானா ஆளைத் தேடிப் போகாது, அதுவும் சடம். கொண்டுவந்து சேர்க்கிறவன் சிவன்.”

வாதத்தில் ஓட்டை இல்லை. வினைக்கு அறிவு கிடையாது, ஆகவே அதைக் கூட்டுவிக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தம் கடவுளை நிறுவும் வழிகளில் ஒன்று. அதன் நேர்த்தியை நான் எப்போதும் ரசிப்பேன். ஆனாலும் சர்வேயர் புத்தி போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கத்தில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்றால் எந்தக் கணக்கும் நேராகிவிடும். அந்தப் பிள்ளை முற்பிறவியில் யாருடைய என்ஜினையோ கெடுத்திருப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஐயாவும் சொல்லமாட்டார், அவர் நல்லவர்.

மெக்கானிக்கின் தத்துவம் வேறு. “மெஷின்னா ஒருநாள் போவும் சார். அதுக்கு நேரம் வந்துச்சு, போச்சு.” அவருக்குத் தெரியாமலே அவர் ஆசீவகர். மணிமேகலையில் சமயக்கணக்கர்கள் வரும் காதையில் ஆசீவகரும் உண்டு. வடக்கே மறைந்த பிறகும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தவர்கள். எல்லாம் நியதி, முயற்சி என்று தனியாக ஒன்றில்லை என்பது அவர்கள் கொள்கை. அதை நம்பும் இந்த மனிதர்தான் தன் சொந்த வண்டிக்கு ஒரு நாள் தவறாமல் ஆயில் அளவு பார்க்கிறார். நியதிவாதிகள் எல்லாரும் சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

ஊழுக்கும் முயற்சிக்கும் நடுவே எல்லைக்கல் எங்கே என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் கார்கள் கதவு உயரத்துக்குத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வந்தது ஊழ், பாலிசியும் ஒப்புக்கொள்ளும். தண்ணீர் வடிந்ததும் ஓனர் வந்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். டர்போவுக்குக் காற்று போகும் குழாயிலும் இண்டர்கூலரிலும் தேங்கி நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைகிறது. ‘தண்ணி குடிச்சிடுச்சு’ என்பார்கள். கம்பெனியின் முதல் கேள்வி, “செல்ஃப் அடிச்சீங்களா?” அடித்திருந்தால், என்ஜின் போனது வெள்ளத்தால் இல்லை, நீங்கள் அழுத்தியதால், தொடர்விளைவு, பணம் கிடையாது. இழுவை வண்டியை அழைத்திருக்க வேண்டும் என்பார்கள். அன்றைக்கு ஓஎம்ஆரில் எந்த இழுவை வண்டி வந்திருக்கும்? வீட்டில் காய்ச்சல்காரக் குழந்தை இருந்தால் அந்த விரல் யாருடைய விரல்? நான் எல்லாவற்றையும் ‘ஆம்/இல்லை’ என்று எழுதவேண்டியவன்.

இதற்கும் ஒரு பரிகாரம் விற்கிறார்கள். ‘என்ஜின் புரொடெக்‌ஷன்’ என்று கூடுதல் பிரீமியம் கட்டினால் நீங்கள் பொத்தான் அழுத்திய பாவமும் மன்னிக்கப்படும். புது வண்டி வாங்கியவர்கள் எலுமிச்சம்பழம் நசுக்க எங்கள் ஊரில் புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலைக்கோ திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கோ போவார்கள். சென்னையில் சென்ட்ரல் பக்கம் பாடிகாட் முனீஸ்வரர் இருக்கிறார். ஆட் ஆன் கவரைப் பற்றிப் பேசும்போது என் முன்னால் உட்காரும் முகங்களில் அதே பக்தியைப் பார்க்கிறேன். நான் கேலி செய்யவில்லை. இரண்டையும் நானும் செய்கிறேன்.

என்னை உண்மையில் யோசிக்கவைத்தது வேறொன்று. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ என்ஜின்கள் பெருகியபோது ஒரு புது மரணம் வந்தது. குறைந்த சுற்றில் பாரம் ஏறும்போது, மேம்பாலம் ஏறுகையில் கியர் இறக்கச் சோம்பல்பட்டு ஐந்தாவதிலேயே மிதிப்போமே அப்போது, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரே அடி, பிஸ்டன் உடையும். ஓட்டியவர் தவறா, ஆயில் மாற்றவில்லையா என்று தேடினால் ஒரு குற்றமும் அகப்படாது. சுத்தமான ஊழ். பிறகு ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள்: பிஸ்டன் ஓரத்தில் தங்கும் ஆயில் துளிகள்தான் அப்படிப் பற்றுகின்றன, அதைத் தூண்டுவதில் ஆயிலில் சேர்க்கும் கால்சியத்துக்குப் பங்குண்டு. அந்தக் கால்சியத்தை எதற்குச் சேர்த்தார்கள்? என்ஜினைச் சுத்தமாக வைக்க. நன்மைக்குப் போட்டதுதான் கொன்றது. கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியம் சேர்த்தார்கள். 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று ஆயிலின் தரக்குறியே மாறியது. இன்று டப்பாவில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குவது சாதாரணப் பராமரிப்பு.

பத்து வருடத்துக்கு முன் ஊழாக இருந்தது இன்று ஒரு டப்பாவின் மேல் எழுத்தாக இருக்கிறது. அப்படியென்றால் குறளின் அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே இருக்கும் வேலி நகர்கிறது, அதை நகர்த்துவது மனிதர்களின் வேலை. நகர்த்துகிறவருக்கே பலன் கிடைப்பதில்லை என்பதுதான் இதில் விசேஷம். பிஸ்டன் உடைந்தவர்களுக்குப் புது ஆயில் பயன்படவில்லை, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான். டர்போ என்ஜினின் பராமரிப்பே இப்படிப்பட்டது. இருபதாயிரம் கிலோமீட்டரில் நேரத்துக்கு மாற்றிய ஆயிலின் பலன் ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் தெரியும். அதற்குள் நம் ஊர் வழக்கப்படி வண்டி இரண்டு கை மாறியிருக்கும். மாற்றாமல் விட்டதன் பலனும் அங்கேதான் காத்திருக்கும், வேறொருவருக்காக.

ஆகவே குறளின் அந்த முரணை நான் ஐயா வழியில் தீர்க்கவில்லை. எனக்கு என்ன நேரும் என்று கேட்கும்போது ஊழ் வானத்திலிருந்து இறங்குவதாகத் தெரிகிறது. கேள்வியைத் திருப்பி, நான் யாருக்கு ஊழ் என்று கேட்டால் அது என் கையிலேயே இருக்கிறது. வெளிநாடு போன அந்த முதல் ஓனர், முகம் தெரியாத ஒருவருக்குப் பிராரத்தமாக இருந்தார், தனக்குத் தெரியாமலே. பட்ஜெட்டில் கோடு கிழித்தவரும் பெல்ட்டை ஆயிலில் போட்டவரும் அப்படித்தான். ஒருவருடைய ஆகாமியம் இன்னொருவருடைய ஊழ். ஐயாவின் சாத்திரத்தில் இப்படி ஒரு சூத்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொன்னபோது, “அப்போ நீதி எங்க தம்பி இருக்கு? ஒருத்தன் பண்ண ஒருத்தன் படறதுக்குப் பேரா தர்மம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு உயிருக்கும் அதனதன் கணக்கு என்று வைத்தவர்கள் அந்த அநியாயத்தைத் தாங்கமுடியாமல்தான் பிறவிகளை நீட்டினார்கள் என்று தோன்றுகிறது. எனக்கு அந்த நீட்சி வரை பார்வை போகவில்லை. சம்பைக் கழற்றினால் தெரிகிற தூரம்தான் என் பார்வை.

அந்தத் தம்பிக்கு என்ன எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். சம்பில் கீறல் வெளிக்காரணம், என்ஜின் பழுது அதனால் வந்ததில்லை. சம்புக்கு உரிய தொகை கொடுக்கலாம், என்ஜினுக்கு இல்லை. வேறெதையும் எழுத எனக்கு உரிமை இல்லை. பாலிசிக்கு முதல் ஓனர் என்ற ஒரு ஆளே தெரியாது. தம்பி கோபப்பட்டார், அவருடைய மாமனார் என் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். பிறகு கடன் வாங்கி, ரீகான் டர்போ, புது பேரிங், க்ராங்க் வேலை எல்லாம் செய்து ஓட்டினார். ஆயிலை ஐயாயிரத்துக்கு ஒருமுறை மாற்றினார். கரியைப் பார்த்தவர்.

போன வருடம் அவர் வண்டியை விற்க நினைத்தபோது எனக்குப் போன் செய்தார். வாங்க வந்தவர் தையூர்க்காரர், சின்னக் கடை வைத்திருப்பவர். அவரிடம் என்ஜின் பிரித்த விஷயத்தைச் சொல்லவேண்டுமா என்று தம்பி கேட்டார். சட்டத்தை விடுங்கள், சொல்லுங்கள் என்றேன். மாமனார் வேண்டாம் என்றாராம். மனைவி, பில் ஃபைலை வண்டியோடு கொடுத்துவிடலாம் என்றாராம். ஃபைல் போனது, நான் எழுதிய அறிக்கையின் நகல் உட்பட. தையூர்க்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலையில் நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார், அந்த விலைக்கே முடிந்தது. ஓஎம்ஆரில் டீக்கடைப் பக்கம் எங்கே என்னைப் பார்த்தாலும் அந்தத் தம்பி இன்னும் அந்த நாற்பதாயிரத்தைச் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை.